பெயிண்ட் வாளியில் பழைய ஆயில்

வெள்ளறடை,
8 ஜனவரி 2025

சர்வீஸ் அட்வைசர் ஷீனா அவர்களுக்கு,

ராஜதாஸ் எழுதுவது. டிசம்பர் பதினேழாம் தேதி வண்டியை சர்வீசுக்குக் கொண்டு வந்து, உங்கள் மேசைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் தந்த சுக்குக் காப்பியையும் குடித்துவிட்டுப் போன ஆள். உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் ரெஜிஸ்டர் தபாலில் எழுதுகிறேன். மலையாளமும் எனக்கு எழுத வரும். ஆனால் கோபப்பட்டு எழுதத் தமிழ்தான் தோது.

சர்வீஸ் முடிந்து பதினாறாம் நாள், ஜனவரி இரண்டாம் தேதி விடியற்காலையில், அமரவிளை ஜங்ஷனில் எஞ்சின் ஜாம் ஆகி வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டில் அம்மிணி என்கிற நோயாளி மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் பாலியேட்டிவ் நர்ஸ் குமாரி. இருவரையும் ஓர் ஆட்டோவில் மாற்றி ஏற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த ஐந்து நிமிடம் நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

உங்கள் ஆட்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எஞ்சினில் பேருக்குக்கூட ஆயில் இல்லை என்றார்கள். சர்வீசில் ஊற்றிய ஆயில் எங்கே போயிற்று? நான் குடித்தேனா? நேற்று கையில் ஓர் அறிக்கை தந்தீர்கள். அதில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: ‘ஓட்டுநரின் கவனக்குறைவு.’

நான் இருபத்தெட்டு வருடம் பாறசாலை டிப்போவில் அரசு பஸ் ஓட்டியவன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகு வாரம் இரண்டு நாள் என் சொந்த வண்டியில் பஞ்சாயத்து நர்ஸை ஏற்றிக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். அந்த வரியை வாசித்துவிட்டு பாலியேட்டிவ் கமிட்டிச் செயலாளர் சுவாமிதாஸ், “அண்ணே, இது தீருவது வரைக்கும் நீங்க வண்டி எடுக்காண்டாம்” என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

எஞ்சினை மாற்றித் தருவீர்களா மாட்டீர்களா என்பதைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த வரியை எடுங்கள்.

ராஜதாஸ்

*

நெய்யாற்றின்கரை,
15 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் ராஜதாஸ் அவர்களுக்கு,

தங்கள் எட்டாம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றோம். டிசம்பர் 17 அன்று தங்கள் வாகனத்தில் எல்லா வேலைகளும் முறைப்படி செய்யப்பட்டன. எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போடப்பட்டதற்கு வேலை அட்டையில் குறி உள்ளது. ஆனால் இப்போது பரிசோதித்தபோது அந்த போல்ட்டில் வாஷரே இல்லை. ஆகவே இடைப்பட்ட நாட்களில் வெளிப் பட்டறை எதிலோ போல்ட் கழற்றப்பட்டிருக்கிறது என்று கருதுகிறோம். மேலும், ஆயில் குறைந்ததும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டியதே எஞ்சின் பழுதுக்குக் காரணம். அறிக்கையில் மாற்றம் செய்ய இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இதுவரை எழுதியது மேனேஜர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதியது. அவர் கொல்லத்துக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். இனி வருவது நான் எழுதுவது. சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அன்றைக்கு நான் தந்துவிட்ட அந்தப் பெயிண்ட் வாளியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதீர்கள். இப்போது மேனேஜர் பக்கத்தில்தான் நிற்கிறார், இதற்கு மேல் நீட்டினால் சந்தேகப்படுவார். காரோட்டில் உள்ள என் வீட்டு விலாசத்தைக் கவரின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். பதில் போடுவதானால் அங்கே போடுங்கள்.

இங்ஙனம்,
மேனேஜருக்காக, ஷீனா

*

வெள்ளறடை,
18 ஜனவரி 2025

ஷீனாவுக்கு,

இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மேலே இருப்பவருக்கு முதலில் பதில்.

எந்தப் பட்டறையிலும் என் வண்டியைக் கழற்றவில்லை. விளக்கும் எரியவில்லை. எரிந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? பதினாறு நாள் ஆயில் ஒழுகியது முற்றத்தில் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் இது ரப்பர் இலை உதிர்கிற காலம். காலையில் பெருக்கினால் மத்தியானம் கணுக்கால் வரை இலை கிடக்கும். நேற்று என் மனைவி ரத்னபாய் இலையை அடியோடு வாரிவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். வண்டி நிற்கிற இடத்தில் மண் முறம் அளவுக்குக் கறுத்துக் கிடக்கிறது. உங்கள் மேனேஜரை வந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கீழே எழுதியவருக்கு. அந்த வாளியில் அப்படி என்ன இருக்கிறது? ரப்பர் தோட்டக்காரர்கள் எல்லாரும் சர்வீஸ் முடிந்தால் பழைய ஆயிலைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான். மரத்தில் பூசினால் கறையான் அண்டாது. என் ஆட்டுக்கூட்டின் கால்களில் பூசலாம் என்று காலி பெயிண்ட் வாளியும் மூடியுமாக வந்தேன். கேட்டேன், தந்தீர்கள். கள்ளக்கடத்தல் செய்த மாதிரி பயப்படுகிறீர்களே.

வியாழக்கிழமை அம்மிணி வீட்டுக்கு நர்ஸ் குமாரி இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் ஏற்றத்தில் நடந்து போயிருக்கிறாள். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பர் வாசித்தேன். அந்த வரியை எடுங்கள்.

ராஜதாஸ்

*

காரோடு,
23 ஜனவரி 2025

மாமா என்று எழுதலாமா? உங்களுக்குக் கோபம் வந்தால் மறுபடி சார் ஆக்கிவிடுகிறேன்.

பழைய ஆயிலை வெளியே கொடுக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. போன வருடம் ஒருவரை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரிந்துதான் கொடுத்தேன். ஏன் என்று கேளுங்கள். அந்தக் கவுண்டரில் நான் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. வருகிற ஆண்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததும், “வேற ஆளு இல்லியா?” என்று கேட்பார்கள். பெண்ணுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம். நீங்கள் கேட்கவில்லை. “மக்களே, மூணாவது கியர்ல ஒரு சத்தம் உண்டு, நீ வந்து கேளு” என்று சொந்த மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினீர்கள். அமரவிளை வரை நானே ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து என்ன சத்தம் என்று சொன்னபோது, “சரியாக்கும்” என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் கொடுத்த வாளி அது. இப்போது அது வெளியே தெரிந்தால் எனக்கு வேலை இருக்காது. வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

உங்கள் வண்டியில் வேலை செய்த ரெஜி வாஷர் மாற்றியதாகச் சத்தியம் செய்கிறான். நான் அவனை நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரை நானே படித்தேன். விளக்கு எரிந்திருக்கிறது மாமா. எரிந்த பிறகு வண்டி ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மேனேஜரிடமும் அந்தத் தாள் இருக்கிறது. நீங்கள் எரியவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தால் என்னால் எப்படி அந்த வரியை எடுக்கச் சொல்ல முடியும்?

ஷீனா

*

வெள்ளறடை,
27 ஜனவரி 2025

ஷீனா அவர்களுக்கு,

சுற்றி வளைத்து என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டீர்கள். நல்லது.

இன்று பாறசாலையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். வாளிச் சங்கதியைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனி தன் விதியையே காற்றில் பறக்கவிட்டதற்கு அது சாட்சியாம். அதையும் சேர்த்து எழுதப் போகிறேன். உங்களுக்கு உங்கள் வேலை பெரியது. எனக்கு என் பேர் பெரியது.

சுக்குக் காப்பிக்கு நன்றி.

ராஜதாஸ்

*

காரோடு,
3 பிப்ரவரி 2025

சார்,

எழுதுங்கள். நான் தடுக்கவில்லை. தடுத்தும் பயன் இல்லை, ஏனென்றால் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

இந்த மாதம் பதின்மூன்றாம் தேதி கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து எஞ்சினியர் வருகிறார். உங்களையும் வரச் சொல்லி நோட்டீஸ் வரும். அவருக்குச் சொந்த ஊர் மதுரை. ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளையும் வாசிப்பவராம். ஜனவரி பதினைந்தில் உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தை மேனேஜர் கையெழுத்துப் போட்ட கையோடு நகல் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டார். கீழே நான் வாளியைப் பற்றி எழுதியதும் அதில் அப்படியே இருக்கிறது. எங்கள் ஆபீசில் யாரும் தமிழ்த் தாளைப் புரட்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதினேன். இப்போது மதுரையிலிருந்து ஒருவர் வருகிறார். ஃபைல் மேனேஜர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு தடவை சாவி கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் தடவை கேட்க வாய் வரவில்லை.

ஆகவே நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். மூன்றாவது கியரின் சத்தத்தைக் கண்டுபிடித்த ஆள் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அந்த ஐந்து கிலோமீட்டர் ஏன் ஓட்டினீர்கள்?

ஷீனா

*

வெள்ளறடை,
7 பிப்ரவரி 2025

ஷீனா மக்களே,

உன் கடிதத்தை இரண்டு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். ரத்னபாய், “வக்கீலுக்கு எழுதப்போற கை எதுக்கு இப்பிடி அடிக்கடி பைக்குள்ள போவுது?” என்று கேட்டுவிட்டாள்.

விளக்கு எரிந்தது. தனுவச்சபுரம் தாண்டும்போது எரிந்தது. குமாரி பின்னாலிருந்து மலையாளத்தில், “அண்ணா, அதெந்து லைட்டா?” என்று, அது என்ன விளக்கு எனக் கேட்டாள். “ஒண்ணும் இல்ல” என்றேன். ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நிறுத்தத்தான் காலை எடுத்தேன். அப்போது அம்மிணி என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, “நிறுத்தாண்டாம் மக்கா, நிறுத்தாண்டாம்” என்றார். ரோட்டில் ஓர் ஆட்டோ இல்லை, ஒரு கடை திறந்திருக்கவில்லை. அமரவிளையில் அந்நேரத்துக்கும் ஆட்டோ கிடக்கும் என்று தெரியும். எஞ்சின் போகட்டும் என்று மிதித்தேன். அமரவிளை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பிறகு ஏன் பொய் சொன்னேன்? விளக்கைப் பார்க்கவில்லை என்றால் கவனக்குறைவு. பார்த்துவிட்டு ஓட்டினேன் என்றால், நோயாளியை வைத்துக்கொண்டு பழுதான வண்டியை ஓட்டியவன் என்று கமிட்டியில் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று விளக்கே எரியவில்லை என்றேன். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு பொய். வெட்கமாக இருக்கிறது.

இனி நீ உட்கார்ந்து வாசி. நேற்று ரத்னபாய் அந்த வாளி ஆயிலை ஆட்டுக்கூட்டின் கால்களில் பூசினாள். அடிமட்டம் வந்தபோது பிரஷ்ஷில் ஏதோ தட்டியிருக்கிறது. ஒரு செம்பு வளையம். துடைத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது உங்கள் போல்ட்டின் பழைய வாஷர். ஆயிலோடு சேர்ந்து வாளியில் விழுந்திருக்கிறது. ரெஜி அதைப் பார்க்கவும் இல்லை, புதிதாக ஒன்று போடவும் இல்லை. வாஷர் இல்லாத அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் ஒழுகியிருக்கிறது.

வக்கீலிடம் இதைக் கொடுத்தால் வழக்கு நாளைக்கே முடிந்துவிடும். ஆனால் இது எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். வாளி வரும், உன் பேர் வரும். பதின்மூன்றாம் தேதி வருவேன். வாஷர் என் சட்டைப் பையில் இருக்கும். நான் அதை வெளியே எடுக்க மாட்டேன். அம்மிணி பிழைத்துக்கொண்டார். இப்போது வீட்டில் கிடந்துகொண்டு எல்லாரையும் ஏசிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது போதும் என்று சொல்ல ஆசைதான். போதவில்லை மக்களே, என்ன செய்ய?

ராஜதாஸ்

*

காரோடு,
10 பிப்ரவரி 2025

மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ரெஜியைத் திட்டாதீர்கள். எப்போதும் அவன் ஆயிலைத் தட்டில் வடிப்பான். தட்டில் வாஷர் விழுந்தால் கண்ணில் படும். அன்று வாளியில் வடிக்கச் சொன்னது நான். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் இருபத்திரண்டு வண்டி நின்றது. அவன் போல்ட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு வாஷர் எடுக்க எழுந்தபோது, “எலே ரெஜி, மேனேஜர் வாறதுக்கு முன்ன அந்த வாளிய மூடி டிக்கில கொண்டு வை” என்று கத்தியதும் நான். வாளியை மறைக்கப் போனவன் திரும்பி வந்து போல்ட்டை மட்டும் இறுக்கியிருக்கிறான். வாஷர் மாற்றியதாக வேலை அட்டையில் குறி போட்டது என் பேனா. குனிந்து பார்க்காமலே போட்டேன். இதை நினைத்துப் பார்க்கப் பயந்துதான் இத்தனை நாள் ரெஜியை நம்பினேன்.

கவனக்குறைவு என்ற வரி யாருக்கு உரியது என்று இப்போது தெரிகிறதா? உங்கள் பையிலிருந்து எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஷீனா

*

காரோடு,
20 பிப்ரவரி 2025

மாமா,

பதின்மூன்றாம் தேதி விசாரணை முடிந்ததும் உங்களிடம் ஒரு வார்த்தை பேச விடாமல் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

வாளியைப் பற்றி நான் எழுதிய அந்தப் பக்கத்தை மதுரைக்காரர் வாசித்தாரே, நீங்களும் பார்த்தீர்கள். வாசித்தார், என்னைப் பார்த்தார், அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். மேனேஜர் ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் நான் தப்பித்துவிட்டேன். பேசாமல் இருந்தால் போதும். ஆனால் நீங்கள் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு அது தாங்கவில்லை. வாயைத் திறந்து, வாளியிலிருந்து வேலை அட்டைக் குறி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு நீங்கள் வாஷரை மேசையில் வைத்து, விளக்கைப் பற்றிச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. “கவனிக்காம ஒண்ணும் ஓட்டல்ல சார். கண்டேன். கண்டுதான் ஓட்டினேன்” என்றீர்களே, எஞ்சினியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எஞ்சினைக் கம்பெனியே மாற்றித் தரும். புதிய அறிக்கையை என்னிடம்தான் டைப் செய்யக் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். ‘வாஷர் பொருத்தாமல் விட்டது பட்டறையின் தவறு. எச்சரிக்கை விளக்கைக் கவனித்த ஓட்டுநர், எஞ்சின் போய்விடும் என்று அறிந்தே, நோயாளிக்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டினார்.’ பழைய வரி இல்லை. ஓர் எழுத்துப்பிழைகூட வராமல் மூன்று தடவை சரி பார்த்தேன்.

கவுண்டரில் அதுதான் என் கடைசி வேலை. வீட்டுக்கு அனுப்பவில்லை, அந்த வரைக்கும் நிம்மதி. திங்கட்கிழமை முதல் பின்னால் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுனில். அங்கே வாடிக்கையாளர் யாரும் வர மாட்டார்கள். ஜன்னலும் இல்லை. இனி என்னைத் தேட வேண்டாம். பழகிவிடும்.

ஷீனா

*

நெய்யாற்றின்கரை சர்வீஸ் சென்டர், காத்திருக்கும் அறை,
26 மார்ச் 2025

மக்களே,

இதை உன் கம்பெனி கொடுத்த வேலை அட்டையின் பின்பக்கம் எழுதுகிறேன். ரெஜி கொண்டு வந்து தருவான். முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொள்.

புது எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. அறிக்கையை சுவாமிதாஸிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். “அண்ணே, வியாழக்கிழமை அம்மிணி அக்கா வீட்டுக்குப் போவணும், காலத்தே வாங்க” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ரத்னபாயிடம் சொல்லிவிட்டு, வண்டியைக் கழுவத் தொடங்கினேன்.

இன்று வண்டியை முதல் செக்கப்புக்காகக் கொண்டு வந்தேன். உன் நாற்காலியில் டை கட்டிய ஒரு பையன் இருக்கிறான். நல்ல பையன்தான், குற்றம் சொல்வதற்கில்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னான், சாவிக்குக் கையை நீட்டினான். நான் சாவியைக் கொடுக்கவில்லை. ஆயுசில் யாரிடமும் கேட்காத கேள்வியை அவனிடம் கேட்டேன்.

“வேற ஆளு இல்லியா?”

அவன் முழித்தான். ஷீனாதான் என் வண்டியைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் சாவி என் பையில்தான் இருக்கும் என்றேன். மேனேஜர் வந்தார். அவரிடமும் மலையாளத்தில் அதையே சொன்னேன். உன்னைக் கோடவுனிலிருந்து கூப்பிடும் வழக்கம் இல்லை என்கிறார். சரி, வழக்கம் வரும் வரை உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவன், இப்போது மணி மூன்று. எனக்குப் பின்னால் வந்த ஒரு வெள்ளறடைக்காரர் என்ன சங்கதி என்று கேட்டார், சொன்னேன். அவரும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் இரண்டு தடவை கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். இப்போது மூன்றாம் தடவை வந்து, “அவளை விளிக்காம்” என்று முனகிவிட்டுப் போகிறார், உன்னைக் கூப்பிடுகிறாராம்.

வாளி கொண்டு வரவில்லை, பயப்படாதே. மூன்றாவது கியரில் மறுபடியும் ஒரு சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எழுந்து முன்னால் வா.

ராஜதாஸ் மாமா